வால்வு ரேடியோவிலிருந்து ஓஎல்ஈடி திரை வரை: புசல்லாவை வட்டாரத்தில் பழுதுபார்ப்புத் தொழிலின் வரலாறு

மலையகத்தின் பழுதுபார்ப்புத் தொழில் தோட்டத் தொழிற்சாலைகளின் பட்டறைகளில் தொடங்கியது. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில், கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையை ஒட்டி அமைந்த புசல்லாவை, இலங்கையின் மிகப் பழைய தோட்டப் பகுதிகளில் ஒன்று. மோரிஸ், கேப்ரியல் என்ற வோம்ஸ் சகோதரர்கள் 1841ஆம் ஆண்டளவில் இங்கே காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டார்கள். ஐரோப்பாவின் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவினரான அவர்கள் தம் தோட்டத்துக்கும் அந்தப் பெயரையே இட்டார்கள். சீனத் தேயிலையையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கும் வரை வட்டாரத்தின் முதன்மைப் பயிர் கோப்பிதான். பிறகு தேயிலை வந்தது. அதோடு பெரிய இயந்திரங்களும் வந்தன.

இயந்திரத் தொழிலுக்கு அடித்தளம் கோப்பிக் காலத்திலேயே விழுந்திருந்தது. ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய நிறுவனம் கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களைச் செய்தது. பின்னாளில் தேயிலை இயந்திரங்களுக்கும் பெயர் பெற்றது. 1875இல் ஹட்டனில் பிரவுன் கம்பனி தோன்றியது. இருந்தாலும் தோட்டத்தில் ஒரு பற்சக்கரம் உடைந்தால் புதிய பாகம் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்து சேர மாதக் கணக்காகும். கொழுந்து அதுவரை காத்திருக்காது. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தும் வேலை ஒரு நாள் தவறினாலும் அன்றைய கொழுந்து வீண். ஆகவே ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையிலும் ஒரு பட்டறை இருந்தது. அங்கு வேலை செய்த பிட்டர்கள் உடைந்ததை ஒட்டவும், ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தவும், பொருந்தாததை அராவிப் பொருத்தவும் பழகினார்கள். பின்னாளில் மின்னணுக் கருவிகளைக் கையாண்டவர்களுக்கும் இதே பழக்கமே கைகொடுத்தது.

ரேடியோவின் வருகை

இலங்கையில் ஒலிபரப்பு மிக முந்தியே தொடங்கிவிட்டது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16 முதல் கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்பு நடந்தது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944இல் பேராதனைக்கு இடம்மாறியது. அதன் படையினருக்காக நடத்தப்பட்ட ரேடியோ சீயாக், ஏக்கலவில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பியை விட்டுச் சென்றது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை ஆரம்பமானது. தமிழகத்துப் பாமர வீடுகளிலும் கேட்ட அந்தத் தமிழ் ஒலிபரப்பு மலையகத் தோட்டங்களுக்கும் எட்டியது.

ஆனால் ரேடியோ எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. வால்வு ரேடியோ விலை கூடியது, மின்சாரமும் தேவை. தோட்டத்தில் மின்சாரம் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் ஊழியர் குடியிருப்புகளுக்குமே கிடைத்தது. பல தொழிற்சாலைகள் ஓடை நீரைத் திருப்பிச் சுழலியை ஓட்டித் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. தொழிலாளர் குடியிருந்த லயன் எனும் வரிசை வீடுகளுக்கு அந்தக் கம்பி நீளவில்லை. மின்சாரமில்லாத இடங்களுக்கென வந்த வால்வு ரேடியோவுக்கு இரண்டு வகை உலர் பெட்டரி வேண்டும்: வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், மின்னோட்டத்தை இழுக்க 90 வோல்ட். பெட்டரி தீர்ந்தால் ரேடியோ ஊமை.

அக்காலப் பழுதுபார்ப்பவருக்கு ஒரு வசதி இருந்தது. பல ரேடியோக்களின் பின்மூடியைக் கழற்றினால் எந்த வால்வு எங்கே செருகப்பட வேண்டும் என்ற படமோ, முழுச் சுற்றுப்படமோ உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வால்வின் கண்ணாடிமேலும் அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு ஈடான இன்னொரு நிறுவனத்து வால்வைத் தேட முடியும். உற்பத்தியாளர் எழுதி வைத்த அறிவு பெட்டிக்குள்ளேயே இருந்தது. சுற்றுப்படத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

1960களில் டிரான்சிஸ்டர் ரேடியோ பரவியதும் நிலைமை மாறியது. உயர் வோல்ட் பெட்டரி வேண்டியதில்லை. சில டோர்ச் பெட்டரிகளே போதும். லயன் அறைகளுக்கும் பாடல் வந்தது. அதே சமயம் 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டுப் பொருள்களை அரிதாக்கின. புதியது வாங்க முடியாததால் பழையதைத் திருத்தி ஓட்டும் தேவை கூடியது. பழுதுபார்ப்பு ஒரு தனித் தொழிலாக நகரக் கடைகளில் ஊன்றியது இந்தக் காலத்தில்தான். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் போன்ற நகரங்களின் கடைவீதிகளில் ரேடியோக் கடை ஒரு நிரந்தர அங்கமானது.

கார் பெட்டரியில் ஓடிய தொலைக்காட்சி

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் ரேடியோ கெசட்டுகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தாராளமாக இறக்குமதியாயின. மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்று திரும்பியவர்களும் கொண்டுவந்தார்கள். 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு அது அரசு வசமானது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயரத்தில் இருக்கும் பிதுருதலாகல மலையுச்சியில் நிறுவப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த இடமென்பதால் அலை வெகுதூரம் போகும் என்பது கணக்கு.

புசல்லாவை அந்த மலைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் மலையகத்தில் அருகாமை மட்டும் போதாது. தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் செல்வது. நடுவே ஒரு முகடு மறித்தால் அதன் பின்னால் இருக்கும் லயனில் படத்தில் பனி கொட்டும். ஆகவே அன்டனாவை வீட்டுக் கூரையில் கட்டாமல் மேலே உள்ள முகட்டில் நட்டு, நீண்ட வயரைக் கீழே இழுத்து வருவது இங்கே வழக்கமானது. அலை பலமாகவும் தெளிவாகவும் வர அன்டனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் பழுதுபார்ப்பவரின் வேலைக்குள் சேர்ந்தது.

மின்சாரமில்லாத வீடுகளில் 12 வோல்ட் கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஓடியது. பெட்டரியைச் சார்ஜ் செய்து தரும் கடைகள் இலங்கைக் கிராமப்புறமெங்கும் பெருகின. பெட்டரியைத் தோளில் சுமந்து கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றித் திரும்புவது பல குடும்பங்களின் வாராந்தர வேலை. இதில் ஒரு முரண் உண்டு. 1985இல் முடிந்த கொத்மலை அணை புசல்லாவையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் மின்நிலையம் 201 மெகாவாட் உற்பத்தி செய்யக்கூடியது. அந்த மின்சாரம் நாட்டின் மின்கட்டமைப்புக்குப் போனது. அணைக்கு அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பல லயன்களுக்கு மின்கம்பி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

தொலைக்காட்சிப் பழுது ரேடியோப் பழுதைவிட ஆபத்தானது. வண்ணப் படக்குழாயின் பின்னால் 20 முதல் 25 கிலோவோல்ட் வரை உயர் அழுத்தம் இருக்கும். செட்டை அணைத்த பின்னும் அது தங்கியிருக்கலாம். படக்குழாய் நல்ல நிலையில் இருந்து, பின்னால் உள்ள சுற்றுப் பலகை மட்டும் பழுதாகும் செட்டுகளும் உண்டு. அவற்றுக்கென்று சீனாவில் தயாரான பொதுப் பலகைகள் 2000களில் தெற்காசியச் சந்தைகளில் மலிவாகக் கிடைத்தன. எந்த நிறுவனத்துப் படக்குழாயாக இருந்தாலும் பொருத்தலாம் என்பதே அவற்றின் கவர்ச்சி. உண்மையில் படக்குழாயின் கழுத்துப் பருமன், எலக்ட்ரோன் கற்றையை வளைக்கும் சுருளின் தடை, ஹீட்டர் வோல்ட் ஆகியவை பலகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் படம் சுருங்கும், வளையும், பலகையே சூடாகி எரியும். ஒளிரும் பாகத்துக்கு ஏற்ற கட்டுப்பாட்டுப் பலகையைத் தேடும் வேலை அப்படித்தான் ஒரு தனித் திறனாக உருவானது.

கணினியும் கொத்மலை வானொலியும்

இணையம் இந்த வட்டாரத்தில் பலருக்கு எட்டியது வானொலியின் வழியேதான். மகாவலித் திட்டத்தோடு 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோ ஆதரவுடன் இணையத் திட்டமொன்றை ஏற்றது. நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் பதில் தேடி, கண்டதை உள்ளூர் மொழியில் வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய இணைப்பு அமைக்கப்பட்டது. கணினி இல்லாத கிராமத்தவருக்கு வானொலியே இணையமானது. இது உலக அளவில் பேசப்பட்ட முன்மாதிரி. 2000களின் நடுவில் அரசின் நெனசல நிலையங்கள் கிராமப்புறங்களில் கணினியையும் இணையத்தையும் கொண்டு சேர்த்தன.

2010களில் மடிக்கணினி வீடுகளுக்குள் வந்தது. பெரும்பாலும் பாவித்த மடிக்கணினிகள். 2020இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி வந்தபோது, தோட்டப் பிள்ளைகள் பலரிடம் கருவியோ தகுந்த இணைப்போ இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. பல பொருள்களின் இறக்குமதி தடைப்பட்டது. 1970களில் நடந்ததுதான் மீண்டும் நடந்தது: புதியது வாங்க வழியில்லாதபோது பழையதன் மதிப்பு ஏறியது. பலகை எரிந்துபோன மடிக்கணினியின் திரையைக்கூட எறியாமல் வைத்து, அதைத் தனி மொனிட்டராக்க முடியுமா என்று பார்ப்பது இந்தச் சூழலில் இயல்பானது.

எல்சிடி: பொதுப் பலகை வேலை செய்த காலம்

மடிக்கணினித் திரையைப் பொறுத்தவரை, தட்டையான பெனலில் படம் தோன்ற இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். படப்புள்ளிகளை வரிசை வரிசையாக இயக்கும் சுற்று பெனலோடேயே இருக்கிறது. கணினியின் தாய்ப்பலகை அனுப்பும் படத் தரவு அந்தச் சுற்றுக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வழியாக வரும் படத்தைப் பெனலின் மொழிக்கு மாற்றித் தருவதே கட்டுப்பாட்டுப் பலகை. கடைகளில் அதை ‘கன்ட்ரோலர் போர்ட்’ அல்லது ‘டிரைவர் போர்ட்’ என்பார்கள்.

எல்சிடி பெனல்கள் நீண்டகாலம் பேசிய மொழி எல்விடிஎஸ். சிறிய வோல்ட் வேறுபாட்டின் மூலம் இரட்டைக் கம்பிகளில் தரவை வேகமாக அனுப்பும் இம்முறையில் மடிக்கணினித் திரைகளை இணைக்கும் தொழில்நுட்பத்தை நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 1996இல் வெளியிட்டது. 1366க்கு 768 படப்புள்ளி கொண்ட சாதாரணத் திரைக்கு ஒரு வழித்தடம் போதும். 1920க்கு 1080 திரைக்கு இரண்டு தேவை. பெனலுக்குள் பெரிய அறிவு எதுவும் இல்லை. சரியான வேகத்தில் சரியான எண்ணிக்கையில் புள்ளிகளை அனுப்பினால் அது காட்டிவிடும்.

ஆகவே ஆர்டிடி2660 போன்ற சில்லுகளைக் கொண்ட மலிவான சீனப் பலகைகள் பெரும்பாலான எல்விடிஎஸ் பெனல்களுக்குப் பொருந்தின. வி59 என்ற பெயரில் கிடைத்த பலகையில் தொலைக்காட்சி டியூனர்கூட உண்டு. யூஎஸ்பி குச்சியில் பெனலுக்கேற்ற ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருளை ஏற்றி, ஒரு ஜம்பரை மாற்றி 3.3, 5, 12 வோல்ட்டுகளில் உரியதைத் தேர்ந்தால் போதும். 5 வோல்ட்டில் இயங்கும் பெனலுக்குத் தவறுதலாக 12 வோல்ட் கொடுத்தால் பெனல் அத்தோடு போகும் என்பது மட்டுமே பெரிய ஆபத்து. பழைய பெனல்களின் பின்னொளி மெல்லிய ஒளிர்குழல். அதை எரிய வைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தரும் இன்வேர்ட்டர் வேண்டும். 2010ஆம் ஆண்டளவில் எல்ஈடி பின்னொளி வந்ததும் அந்தத் தொல்லையும் குறைந்தது. பழைய மடிக்கணினியின் திரையைத் தொலைக்காட்சியாக மாற்றிக் கொடுப்பது பல கடைகளுக்கு ஒரு சிறு வருமானமானது.

2008 டிசம்பரில் வீசா என்ற தர அமைப்பு ஈடிபி என்ற புதிய இணைப்பு முறையை வெளியிட்டது. 2010இல் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை எல்விடிஎஸ் முறையைக் கைவிடப் போவதாகக் கூட்டாக அறிவித்தன. அதன்பின் மடிக்கணினிகள் மெல்ல மெல்ல ஈடிபிக்கு மாறின. இதில் பெனலும் பலகையும் ஒன்றோடொன்று பேசும். பெனல் தன் விவரங்களைச் சொல்லும்; இணைப்பின் வேகத்தை இருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட பிறகே படம் வரும். 1920க்கு 1080 படத்துக்குச் சுமார் 3.3 கிகாபிட் தரவு ஒரு நொடிக்குத் தேவை. இரண்டு வழித்தடங்கள் கொண்ட 30 முள் இணைப்பு அதற்குப் போதும். 4கே படத்துக்குச் சுமார் 13 கிகாபிட் வேண்டும். நான்கு வழித்தடங்களும் அவை ஒவ்வொன்றுக்கும் கூடிய வேகமும், பொதுவாக 40 முள் இணைப்பும் தேவை. எல்விடிஎஸ் பலகையை இவற்றுக்கு நேரடியாகப் பூட்ட முடியாது. ஈடிபி வெளியீடு தரும் ஆர்டிடி2556 போன்ற சில்லுகள் கொண்ட பலகைகள் பின்னர் வந்தன. ஆனால் ‘எதற்கும் பொருந்தும்’ என்ற காலம் அதோடு முடிந்தது.

ஓஎல்ஈடி திரையின் தனித்தன்மை

ஓஎல்ஈடி என்பது சேதன ஒளிகாலும் இருவாயி. ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்தின் சிங் தாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987இல் இது பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். 2007இல் சோனியின் 11 அங்குலத் தொலைக்காட்சி சந்தைக்கு வந்தது. மடிக்கணினிகளில் 2016இல் லெனோவோ, டெல், எச்பி ஆகியவை சில மாதிரிகளில் இதைக் கொடுத்தன. 2019 ஜனவரியில் சாம்சங் டிஸ்பிளே 15.6 அங்குல 4கே பெனலை அறிவித்தபின் மடிக்கணினிகளில் ஓஎல்ஈடி வேகமாகப் பரவியது. சில ஆண்டுகளில் நடுத்தர விலைக் கணினிகளிலும் அது வழக்கமானது. அப்போது விற்ற கணினிகள் உடைந்தும் எரிந்தும் பழுதுக் கடைகளுக்கு வரத் தொடங்கின.

ஓஎல்ஈடியில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஆகவே பின்னொளிக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை மாற்றும் எல்சிடி முறை இங்கே வேலை செய்யாது. பல ஓஎல்ஈடி பெனல்களில் வெளிச்சத்தின் அளவை, படத் தரவுக்கு அருகே போகும் துணைத் தடத்தின் வழியாகப் பெனலின் பதிவேடுகளில் எழுத வேண்டும். பொதுவான ஈடிபி பலகையின் மென்பொருள் இதை எழுதாவிட்டால் படம் வரும். ஆனால் வெளிச்சம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பெனல் தன் தொடக்க நிலையிலேயே நின்றுவிடும்.

இன்னொரு வேறுபாடு மின்னூட்டத்தில் உள்ளது. படப்புள்ளிகள் ஒளிர்வதற்குத் தனி மின்வழி வேண்டும். எல்சிடியில் பின்னொளிக்கு ஒதுக்கிய முள்கள் ஓஎல்ஈடியில் வேறு வேலைக்குப் பயன்படலாம். சாம்சங்கின் 13.3 அங்குல ஏடிஎன்ஏ33எக்ஸ்சி20 பெனல் இதற்கு நல்ல உதாரணம். 2021இல் லினக்ஸ் கெர்னலில் இந்தப் பெனலுக்கென்றே ஒரு தனி டிரைவர் எழுதப்பட்டது. காரணம், சாதாரணப் பெனல்களில் இல்லாத ‘ஈஎல்-ஆன்3’ என்ற கட்டுப்பாட்டுக் கம்பி அதில் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் வரிசையும், அணைத்துவிட்டு மறுபடி போடுமுன் காத்திருக்க வேண்டிய நேரமும் குறிப்பாகப் பேணப்பட வேண்டியிருந்தன. அக்கம்பியை இயக்கத் தெரியாத பலகை அந்தப் பெனலில் முழுப் படத்தையும் சரியாக எழுப்பாது. படக்குழாய்க் காலத்தில் சுருளின் தடையை ஒப்பிட்டுப் பார்த்த வேலை, இங்கே கண்ணுக்குத் தெரியாத மென்பொருளுக்குள் சென்று மறைந்துவிட்டது.

வால்வு ரேடியோவின் பின்மூடியில் ஒட்டியிருந்த சுற்றுப்படத்துக்கு ஈடாக இன்றைய பெனலில் கிடைப்பது பின்புறம் உள்ள சிறு லேபல். அதில் இருக்கும் எண்ணே எல்லாத் தேடலுக்கும் தொடக்கம். ‘ஏடிஎன்ஏ’ என்று தொடங்கினால் சாம்சங்கின் ஓஎல்ஈடி. ‘எல்டிஎன்’ என்றால் சாம்சங்கின் எல்சிடி. ‘எல்பி’ என்றால் எல்ஜி. ‘பி’ என்று தொடங்கி அளவைக் காட்டும் எண் வந்தால் ஏயூஓ. ‘என்வி’ என்றால் பிஓஈ. பெயரை அடுத்து வரும் எண் பெரும்பாலும் அளவைச் சொல்லும்: 133 என்றால் 13.3 அங்குலம், 156 என்றால் 15.6 அங்குலம். மடிக்கணினியின் மாதிரிப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது பயன்தராது. ஒரே மாதிரியில் வெவ்வேறு தொகுப்புகளுக்கு வெவ்வேறு பெனல்கள் போடப்படுவதுண்டு.

அடுத்து, அந்த எண்ணின் தரவுத்தாளைப் பார்க்க வேண்டும். இணைப்பில் எத்தனை முள்கள், எத்தனை வழித்தடங்கள், தர்க்கச் சுற்றுக்கு எத்தனை வோல்ட், ஒளிர்வுக்கான மின்சாரம் எந்த முள்ளில், வெளிச்சத்தை முள்வழியாகக் கட்டுப்படுத்துவதா துணைத் தடத்தின் வழியாகவா, தொடுதிரை உண்டென்றால் அது தனிக் கம்பியில் போகிறதா ஆகியவை அங்கே தெரியும். ஈடிபி கேபிளில் முள் வரிசை ஒன்று மாறினாலும் மின்சாரம் தரவுக் கம்பியில் பாய்ந்து பெனலும் பலகையும் சேர்ந்தே எரியும். ஓஎல்ஈடி பெனலின் விளிம்பில் உள்ள மென்கேபிளும் எல்சிடியைவிட எளிதில் கிழியும்.

பலகை தேடும்போது இன்றைக்குக் கிடைக்கும் நல்ல வழி, கையில் எடுத்துச் செல்லும் ஓஎல்ஈடி மொனிட்டர்களைப் பின்தொடர்வது. 2020க்குப் பின் சந்தைக்கு வந்த இந்த மொனிட்டர்களில் பல, மடிக்கணினிகளுக்கென்றே தயாரான அதே வகை 13.3, 15.6 அங்குலப் பெனல்களைக் கொண்டவை. அவற்றுக்காகச் செய்த பலகைகளில் யூஎஸ்பி-சி, சிறு எச்டிஎம்ஐ ஆகியவை இருக்கும். பெனலின் வெளிச்சத்தைத் துணைத் தடத்தில் எழுதும் மென்பொருளும் உள்ளேயே இருக்கும். அவற்றை விற்கும் கடைகளில் சில, பெனலின் எண்ணைச் சொன்னால் அதற்கேற்ற ஃபர்ம்வேரை ஏற்றி அனுப்புகின்றன. பலகையின் சில்லு எதுவென்பதைவிட, அதில் ஏற்றியிருக்கும் மென்பொருள் எந்தப் பெனலுக்கு எழுதப்பட்டது என்பதே முக்கியம்.

சட்டமும் கழிவும்

இந்தத் தேடலுக்கு ஒரு பொதுப் பயனும் உண்டு. ஆபத்தான கழிவுகளை நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையை இலங்கை 1992இல் ஏற்றது. 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய வர்த்தமானியில் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் வெளியாகி, மின்னணுக் கழிவும் அட்டவணைப்படுத்திய கழிவுகளுள் சேர்க்கப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றவர்களே அதைச் சேகரிக்கலாம், கையாளலாம். பழைய படக்குழாய்க் கண்ணாடியில் ஈயமும், ஒளிர்குழல் பின்னொளியில் பாதரசமும் உண்டு. ஓஎல்ஈடியில் பாதரசம் இல்லை. ஆனால் ஒரு பெனலைச் செய்யச் செலவான மூலப்பொருளும் ஆற்றலும் சிறிதல்ல. நன்றாக ஒளிரும் பெனலைப் பலகை கிடைக்காத ஒரே காரணத்துக்காகக் குப்பையில் எறிவது பெரிய இழப்பு.

நூற்று எண்பது ஆண்டுகளில் புசல்லாவையைச் சுற்றிய தொழில்நுட்பம் தோல்நீக்கும் இயந்திரத்திலிருந்து ஒளிரும் படப்புள்ளி வரை வந்திருக்கிறது. பட்டறைப் பிட்டருக்கு இரும்பை அளந்து பார்த்தால் போதும். ரேடியோக்காரருக்குச் சுற்றுப்படம் வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்காரர் தடையையும் வோல்ட்டையும் ஒப்பிட்டார். இன்றைய பெனலைப் பழுதுபார்ப்பவருக்கோ நிறுவனம் வெளியிட வேண்டிய தரவுத்தாளும் மென்பொருளும் தேவை. அவை எப்போதும் அவர் கைக்கு எட்டுவதில்லை. பாகங்கள் மலிந்திருக்கின்றன; அவற்றைப் பொருத்தும் அறிவு நிறுவனங்களின் பூட்டுக்குள் போயிருக்கிறது. பழுதுபார்ப்பைச் சட்டத்தின் மூலம் பாதுகாக்க நினைக்கும் எந்த நாடும் பாகங்களின் விற்பனையோடு நின்றுவிடாமல் தரவுத்தாள்களையும் வெளியிடச் செய்ய வேண்டும்.

அதுவரை பழைய ஓஎல்ஈடி திரையை மொனிட்டராக்க நினைப்பவர்கள் முதலில் பெனலின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கான ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று விற்பவர் உறுதி சொல்லாத பலகையை வாங்கக் கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். அப்படியொரு பலகை கிடைக்காவிட்டால் அந்தப் பெனலை அதே மாதிரி மடிக்கணினிக்கு உதிரிப் பாகமாக விற்பதே நட்டமில்லாத வழி.